பின்தொடர்வோரெல்லாம் வாடிக்கையாளரா?

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் வேலைகளின் நீண்ட வரிசையில் அண்மைக்காலத்தில் மேலும் ஒரு வேலை சேர்ந்திருக்கிறது: படம் எடுத்தல். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்பவற்றோடு இதுவும் இன்று தவிர்க்க முடியாத செலவாகிவிட்டது. காதர்பேட்டைக்கு நேரில் வந்து, துணியை விரலிடையே தேய்த்துப் பார்த்து, விலை பேசி, மூட்டை கட்டிச் சென்ற வியாபாரிகள் இன்றும் வருகிறார்கள். ஆனால், மதுரையிலோ புவனேஸ்வரத்திலோ இருந்துகொண்டு கைப்பேசித் திரையில் பார்த்தே சரக்குக்குச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். தொட்டுப் பார்த்து வாங்கிய பொருளைப் படம் பார்த்து வாங்கும் காலம் இது.

இதனால் திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் பகுதிகளில் ஒளிப்படத் தொழில் புது வேகம் பெற்றிருக்கிறது. திருமணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று குடும்ப நிகழ்ச்சிகளை மட்டுமே நம்பியிருந்த ஸ்டுடியோக்களுக்கு ஆடைகளைப் படமெடுக்கும் வேலையும் கிடைக்கிறது. தவணையில் கேமரா வாங்கி இத்தொழிலில் இறங்கும் இளைஞர்களில் தையல் தொழிலாளர்களின் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அனைவரும் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ள நாடும் இடம் ஒன்றே: சமூக ஊடகம். இன்ஸ்டாகிராமில் கணக்கு, நாள்தோறும் ஒரு ரீல், மாதந்தோறும் கொஞ்சம் விளம்பரச் செலவு. இதுவே இன்றைய தொழில் இலக்கணம்.

இந்த இலக்கணத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி போதிய அளவில் எழுப்பப்படவில்லை. திருப்பூரின் பொருளாதாரத்தைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் விளக்கியவன் என்ற முறையில், இக்கேள்விக்கான விடை இந்த ஊரின் தொழில் வரலாற்றிலேயே இருக்கிறது என்று கருதுகிறேன்.

வாங்குபவரை அறிந்தவருக்கே லாபம்

திருப்பூர் தன் தொடக்ககால ஏற்றுமதியை நேரடியாகச் செய்யவில்லை. 1970-களில் மும்பை போன்ற பெருநகரங்களின் வணிக ஏற்றுமதியாளர்கள் ஆர்டரைக் கொண்டுவந்தார்கள். திருப்பூர் தைத்துக் கொடுத்தது. துணியைத் தேர்ந்தெடுத்ததும், நிறத்தைச் சரிபார்த்ததும், இரவு பகலாக உழைத்ததும் இங்கே. ஆனால், அந்த உடையை யார் வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார், அடுத்த பருவத்துக்கு அவருக்கு என்ன வேண்டும் என்ற விவரம் முழுவதும் இடைப்பட்டவரிடம் இருந்தது. விவரம் எவரிடம் இருந்ததோ, லாபத்தின் பெரும்பகுதியும் அவரிடமே இருந்தது.

1970-களின் இறுதியிலும் 1980-களிலும் ஐரோப்பிய வணிகர்கள் நேரில் வரத் தொடங்கிய பிறகே இந்நிலை மாறியது. வாங்குபவருடன் நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்டவர்கள் ஏற்றுமதியாளர்களாக உயர்ந்தார்கள். அந்தத் தொடர்பு கிட்டாதவர்கள் ஜாப் ஒர்க் செய்பவர்களாக நீடித்தார்கள். இரு சாராரிடமும் ஒரே வகைத் தையல் இயந்திரம்தான் இருந்தது. திறமையிலும் பெரிய வேறுபாடு இல்லை. வாங்குபவரின் முகவரி எவர் கையில் இருந்தது என்பதே அவர்களைப் பிரித்தது. 1990-இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் போன்ற அமைப்புகள் இந்த நேரடித் தொடர்பைக் கூட்டாக வலுப்படுத்தின. ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஆண்டு ஏற்றுமதி என்ற இன்றைய நிலை அவ்வாறு எட்டப்பட்டதே.

இப்போது ஒளிப்படக் கலைஞரின் நிலையைப் பார்ப்போம். அவருக்கு இன்ஸ்டாகிராமில் 20,000 பேர் பின்தொடர்வோர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் எத்தனை பேர் திருப்பூர் வட்டாரத்தில் வாழ்கிறார்கள்? எத்தனை பேர் வீட்டில் வரும் தை மாதம் திருமணம்? எத்தனை பேர் ஆடை விற்பவர்கள்? மொத்தக் கணக்காகச் சில விழுக்காடுகளை ஊடகம் அவருக்குக் காட்டும். ஆள் யார், தொலைபேசி எண் என்ன என்பதைக் காட்டாது. தனக்கு வேண்டியபோது அவர்கள் அனைவருக்கும் ஒரு செய்தியைச் சேர்ப்பிக்கவும் அவரால் இயலாது. எத்தனை பேருக்குக் காட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது அல்காரிதம் எனப்படும் நெறிநிரல். வாங்குபவரை அறியாமல், இடையில் உள்ளவர் தரும் வேலையைச் செய்பவருக்குத் திருப்பூரில் என்ன பெயரோ, அதே பெயர்தான் இவருக்கும் பொருந்தும்.

வாடகை நிலத்தில் எழுப்பிய வீடு

ஒளிப்படத் துறையில் வருமானம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை 2012-ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் படச்சுருள் விற்ற கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஏப்ரலில், வெறும் 13 ஊழியர்களைக் கொண்டிருந்த இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. நமக்கு அருகில் உதகமண்டலத்தில், ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருள் தயாரித்த அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸும் எண்ணியல் கேமராவின் வருகையைத் தாங்க முடியாமல் மறைந்தது. படம் எடுக்கத் தேவையான பொருளை விற்றவர்கள் வீழ்ந்தார்கள்; படத்தைக் காட்டும் இடத்தைக் கைக்கொண்டவர்கள் எழுந்தார்கள்.

காட்டும் இடத்தின் உரிமையாளர் தன் விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கடந்த பத்தாண்டுகளின் நிகழ்வுகள் இதற்குச் சான்று. நிறுவனங்களின் ஃபேஸ்புக் பக்கங்களில் இடப்படும் பதிவுகள், அவற்றைப் பின்தொடர்வோரில் சுமார் 12 விழுக்காட்டினரை 2013 அக்டோபரில் எட்டின. 2014 பிப்ரவரிக்குள் அது சுமார் 6 விழுக்காடாகச் சுருங்கியது என்று ஓகில்வி விளம்பர நிறுவனத்தின் ஆய்வு கூறியது. 2018 ஜனவரியில், வணிகப் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று மார்க் ஸுக்கர்பெர்க் வெளிப்படையாக அறிவித்தார். இலவசமாகக் கிடைத்த கவனம் விலைக்குரிய பண்டமாயிற்று.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை இந்திய அரசு தடைசெய்தது. அதன் பாதுகாப்புக் காரணங்களைப் பற்றிய விவாதம் இங்கே தேவையில்லை. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் பயன்படுத்திய ஒரு சந்தை ஒரே இரவில் மூடப்பட்டது என்பதே நமக்குப் பாடம். அங்கே பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பின்தொடர்வோரை வேறிடத்துக்கு அழைத்துச் செல்லும் வழி எவருக்கும் இல்லை. அடுத்த சில நாள்களிலேயே இந்தியாவில் ரீல்ஸ் வசதியை இன்ஸ்டாகிராம் அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டு, தாங்கள் இனியும் வெறும் படப்பகிர்வுச் செயலி அல்ல என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி கூறினார். நிழற்படக் கலையையே தொழிலாகக் கொண்டவர்கள், விரும்பியோ விரும்பாமலோ காணொளி தயாரிப்பவர்களாக மாற வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. 2025 ஜனவரியில், சதுரமாக இருந்த இன்ஸ்டாகிராம் படக்கட்டங்கள் நீள்செவ்வகமாக்கப்பட்டன. சதுரத்துக்கென அழகுபார்த்து அடுக்கிவைத்த கலைஞர்களின் முகப்புகள் கலைந்தன.

இம்மாற்றங்களில் எதற்கும் திருப்பூரின் ஸ்டுடியோக்காரரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஊராட்சிச் சந்தையில் கடை போடுபவருக்குக்கூடக் குத்தகைதாரரிடம் முறையிடும் வழி உண்டு. இங்கே வாடகை நிலத்தில் வீடு எழுப்பியவருக்கு வாடகை ஒப்பந்தமும் தம் கையில் இல்லை.

ஒற்றைச் சார்பின் ஆபத்தைத் திருப்பூருக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தன் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு அமெரிக்காவை நம்பியிருந்த இவ்வூர், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அந்நாடு விதித்த சுங்க வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது என்ன பாடுபட்டது என்பதை நாம் கண்டோம். ‘ஒரே நாட்டை நம்பாதீர்கள்’ என்று ஏற்றுமதியாளர்களுக்கு அன்று சொன்ன அறிவுரை, ‘ஒரே ஊடகத்தை நம்பாதீர்கள்’ என்று சிறு தொழில்முனைவோருக்கும் சொல்லப்பட வேண்டியது.

விருப்பக்குறியின் வரவு செலவு

சமூக ஊடகம் பயனற்றது என்று கூறுவது என் நோக்கமன்று. முதன்மைச் சாலையில் கடை பிடித்து முன்பணம் கொடுக்க இயலாத இளைஞருக்கு அது ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே குழந்தைகளைப் படமெடுக்கும் பெண் கலைஞர்களுக்கு முகவரி தந்திருக்கிறது. சாதி, உறவு, ஊர்ப் பழக்கம் ஆகியவற்றின் வழியாக மட்டுமே வேலை கிடைத்த தொழிலில், படத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அது உண்டாக்கியது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால், எந்த முதலீட்டுக்கும் வரவு செலவு பார்ப்பது கொங்கு மண்ணின் இயல்பு. அதை இங்கும் செய்வோம்.

எளிமைக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு கலைஞர் மாதம் 10,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார். அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர 11,800 ரூபாய். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெறவில்லை என்றால், கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறவும் முடியாது. விளம்பரத்தின் வழியே 60 பேர் விசாரிக்கிறார்கள்; மூன்று திருமணங்கள் உறுதியாகின்றன. ஆக, ஒரு திருமண வேலையைப் பெற ஆன செலவு ஏறத்தாழ 3,900 ரூபாய். ஒரு திருமணத்துக்குக் கூலி 40,000 ரூபாய். துணைக் கலைஞர், ஆல்பம், பயணம், படத்தொகுப்பு ஆகியவை போக மிஞ்சுவது 12,000 ரூபாய் என்று கொள்வோம். மூன்று திருமணங்களில் 36,000 ரூபாய். விளம்பரத்தையும் கேமராவுக்கான தவணை 9,000 ரூபாயையும் கழித்தால் கையில் நிற்பது 15,200 ரூபாய்.

மூன்றுக்குப் பதிலாக இரண்டே திருமணங்கள் அமைந்தால், மிச்சம் 3,200 ரூபாயாகச் சரிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணமே இராது. தவணை மட்டும் தவறாமல் வரும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ரீல் தயாரிக்கச் செலவிட்டால் மாதத்துக்கு 60 மணி நேரம். அந்த உழைப்புக்கு இக்கணக்கில் கூலியே போடவில்லை. முகூர்த்த மாதங்களுக்கு முன்பு எல்லாக் கலைஞர்களும் ஒரே நேரத்தில் விளம்பரம் செய்வதால் கட்டணமும் உயரும். ஏனெனில், விளம்பர இடம் ஏல முறையில் விற்கப்படுகிறது. ஒருவர் மட்டும் விளம்பரம் செய்தால் அவருக்கு ஆதாயம். எல்லோரும் செய்தால் திருமணங்களின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. ஏலம் நடத்துபவரின் வருமானமே கூடும்.

இந்த வருமானத்துக்கு வரி விதிப்பதில் நம் அரசு காட்டிய உறுதியும் தளர்ந்துவிட்டது. வெளிநாட்டு எண்ணியல் நிறுவனங்கள் இந்தியாவில் பெறும் விளம்பர வருவாய் மீது 2016-இல் கொண்டுவரப்பட்ட 6 விழுக்காடு சமன்படுத்தும் வரி, 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. பன்னாட்டு வணிகப் பேச்சுகளின் நெருக்கடி அதற்கு ஒரு காரணம். காரணம் எதுவாயினும், பல்லடம் சாலையின் சிறிய ஸ்டுடியோ தன் விளம்பரச் செலவுக்கு முழு வரி கட்டுகிறது என்ற நிலை மாறவில்லை.

படம் சொல்லும் உண்மை

அப்படியானால் ஒளிப்படக் கலைஞரின் உண்மையான மூலதனம் எது? பொருளியலில் இதற்கு நல்ல விடை உண்டு. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருந்தால், தரமற்ற பொருள் தரமானதைச் சந்தையை விட்டே விரட்டிவிடக்கூடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வு அது. 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திருப்பூர் பனியனின் இணையச் சந்தைக்கு அது இன்று அப்படியே பொருந்துகிறது.

‘திருப்பூர் மொத்த விலை’ என்ற தலைப்பில் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் எண்ணற்ற காணொளிகள் உலவுகின்றன. நேர்மையான வியாபாரிகளின் காணொளிகளும் உண்டு. பிறர் எடுத்த படங்களைத் திருடிப் போட்டு, முன்பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிடும் கணக்குகளும் உண்டு. சரக்கு வந்தாலும் படத்தில் கண்ட அடர்சிவப்பு கையில் வெளிறிய சிவப்பாக இருக்கும். துணியின் கனம் சொன்னதைவிடக் குறைவாக இருக்கும். முதல் சலவையிலேயே சுருங்கும். ஏமாந்தவர் அந்த விற்பனையாளர் ஒருவரைக் குறைசொல்வதோடு நிற்பதில்லை. ‘திருப்பூர்ச் சரக்கே இப்படித்தான்’ என்கிறார். ஒருவரின் பொய்ப்படத்துக்கு ஊர் முழுவதும் விலை கொடுக்கிறது.

நல்ல ஒளிப்படக் கலைஞரின் தேவை இங்கேதான் எழுகிறது. நிறம் மாறாதபடி ஒளியமைத்தல், கழுத்துப் பட்டியின் தையலை நெருக்கத்தில் காட்டுதல், துணியின் பின்னல் அமைப்பு தெரியும்படி எடுத்தல், அணிந்திருப்பவரின் உயரத்தையும் அளவையும் குறிப்பிடுதல் ஆகியவை வெறும் அழகுவேலைகள் அல்ல. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள அறிவு இடைவெளியைக் குறைக்கும் செயல்கள் அவை. படத்துக்கும் பொருளுக்கும் வேறுபாடு குறைந்தால் திரும்பி வரும் சரக்கு குறையும். போக்குவரத்துச் செலவு மிஞ்சும். மறு ஆர்டர் கிடைக்கும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. தம் பக்கத்தில் ‘ஆயிரம் விருப்பக்குறி பெற்ற படம்’ என்று காட்டுவதைவிட, ‘இந்தப் படங்களுக்குப் பின் எங்கள் கடைக்குத் திரும்பி வந்த சரக்கு பாதியாயிற்று’ என்று ஒரு வியாபாரி சொல்லும் சொல்லைக் காட்டுவது வலுவான விளம்பரம்.

செயற்கை நுண்ணறிவின் வருகையால் இதன் தேவை இரட்டிப்பாகிறது. 2023-இல் லீவைஸ் நிறுவனம் கணினி உருவாக்கிய மாடல்களைச் சோதித்துப் பார்க்கப்போவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் எச் அண்ட் எம் நிறுவனம், 30 மாடல்களின் இசைவோடு அவர்களின் எண்ணியல் இரட்டைகளை உருவாக்கும் திட்டத்தை வெளியிட்டது. பன்னாட்டு நிறுவனங்களோடு இது நிற்கவில்லை. மேசைமேல் விரித்து எடுத்த ஒரு பனியன் படத்தை, அழகிய மாடல் அணிந்திருப்பதுபோல் மாற்றித் தரும் செயலிகள் காதர்பேட்டைச் சிறுவியாபாரிக்கும் எட்டும் விலையில் உள்ளன. பளபளப்பான படத்தை மட்டும் விற்றுவந்த கலைஞரின் பிழைப்பை இது கேள்விக்குள்ளாக்கும். ஆனால், துணி உடலில் எப்படி விழும், பத்து முறை துவைத்த பிறகு எப்படி இருக்கும் என்பதைக் கணினி ஊகித்து வரைய முடியுமே தவிர, சாட்சி சொல்ல முடியாது. எதிர்காலத்தில் கலைஞர் விற்கக்கூடியது அந்தச் சாட்சியத்தைத்தான்.

சட்டம் அறிந்த தொழில்

சமூக ஊடகத்தில் தம் படைப்புகளைக் காட்டும் பலருக்கு, அவற்றின் சட்ட உரிமை யாருடையது என்பது தெரிவதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கூலி பெற்று எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். திருமணப் படத்தின் உரிமை அக்குடும்பத்தினுடையது; பனியன் படத்தின் உரிமை பணம் கொடுத்த நிறுவனத்தினுடையது. மணமகளின் படத்தைக் கேட்காமலேயே தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் கலைஞர், நாகரிகக் குறைவோடு சட்ட மீறலையும் செய்கிறார். இதற்குத் தீர்வு எளிது. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, எந்தப் படங்களை எங்கே காட்சிப்படுத்தலாம் என்பதை இரண்டு வரிகளில் எழுதிக் கையொப்பம் பெற்றுவிட வேண்டும்.

குழந்தைகளின் உடைகளைப் பெருமளவில் தைக்கும் ஊர் இது. ஆகவே, குழந்தைகளை மாடல்களாக வைத்துப் படமெடுப்பதும் இங்கே பெருகியிருக்கிறது. விளம்பரங்களில் குழந்தைகள் நடிப்பதைச் சட்டம் அனுமதித்தாலும், 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் தெளிவான வரம்புகளை வைத்திருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும்; நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடரக் கூடாது; வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் நிலையான வைப்பாகப் போட வேண்டும். ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலாளர் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, வெளிநாட்டு வணிகர்களிடம் விளக்கம் சொல்ல நேர்ந்த ஊர் திருப்பூர். தையல் கூடத்தில் கற்ற எச்சரிக்கையைப் படப்பிடிப்புக் கூடத்தில் மறந்துவிடக் கூடாது.

கலைஞருக்குத் துணைநிற்கும் சட்டமும் உண்டு. அதைப் பயன்படுத்துபவர்தாம் குறைவு. ஆடை நிறுவனங்களிடமிருந்து கூலி வர மாதக்கணக்கில் காத்திருப்பது இத்தொழிலின் தீராத குறை. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவுசெய்துகொண்ட சேவை நிறுவனத்துக்கு, எழுத்து வடிவ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள்களுக்குள். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. இக்காலக்கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ரீல் தயாரிக்கச் செலவிடும் 60 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை இந்தப் பதிவுக்கு ஒதுக்கினால், பல மாத விளம்பரத்தைவிட மிகுந்த பலன் கிட்டக்கூடும்.

ஊர் செய்ய வேண்டியது

தனிமனிதர் செய்யக்கூடியவை தெளிவானவை. சமூக ஊடகத்தைப் பெயர்ப்பலகையாகக் கொள்ளலாம், கல்லாப்பெட்டியாகக் கொள்ளலாகாது. அங்கே வந்து விசாரிக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் எண்ணையும் தேவையையும், அவர் இசைவோடு, தம் சொந்தக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். தம் பெயரில் ஓர் எளிய இணையதளமும், கூகுள் வரைபடத்தில் சரியான முகவரியும் இருக்க வேண்டும். ‘பல்லடத்தில் குழந்தை ஒளிப்படம்’ என்று தேடி வருபவர், பொழுதுபோக்காகத் திரையைத் தள்ளிக்கொண்டே போகும் ஆயிரம் பேரைவிட மதிப்புமிக்கவர். கடந்த ஆண்டு திருமணப் படம் எடுத்த குடும்பத்துக்கு, அவர்களின் திருமண நாளன்று ஒரு வாழ்த்து அனுப்பினால் அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்தே அழைப்பு வரும். இதற்கு எந்த நெறிநிரலின் அனுமதியும் தேவையில்லை.

ஆயினும், தனிமனித முயற்சிக்கு எல்லை உண்டு. திருப்பூரின் பெரிய சிக்கல்கள் எதுவும் தனியொருவரால் தீர்க்கப்பட்டதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டபோது, பூஜ்ய கழிவுநீர் வெளியேற்றம் என்ற கடினமான இலக்கைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியே கூட்டாகவே எதிர்கொண்டார்கள். ஆடை வடிவமைப்புக் கல்விக்கு நிஃப்ட்-டீ கல்லூரி, கண்காட்சிக்குத் திருமுருகன்பூண்டியில் இந்தியா நிட்ஃபேர் வளாகம் என்று பொது வசதிகளை உருவாக்கிப் பழகிய ஊர் இது. ஒரே தொழில் செய்பவர்கள் ஓரிடத்தில் செறிந்திருப்பதன் ஆதாயத்தை 1890-லேயே ஆல்ஃபிரட் மார்ஷல் விளக்கினார். அவருடைய கோட்பாட்டுக்குத் திருப்பூரைவிடச் சிறந்த இந்திய எடுத்துக்காட்டு அரிது.

அதே முறையில், சிறு உற்பத்தியாளர்களும் கலைஞர்களும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கக்கூடிய ஒரு பொதுப் படப்பிடிப்புக் கூடம் இன்றைய தேவை. சரியான ஒளியமைப்பும், நிறத்தைச் சரிபார்க்கும் திரைகளும், துணியின் கனம், சுருக்கம் ஆகியவற்றைச் சோதித்து எழுதித் தரும் வசதியும் அங்கே இருக்க வேண்டும். ‘இப்படம் பொருளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒரு பொதுமுத்திரையை ஏற்றுமதியாளர் சங்கமும், உள்நாட்டு உற்பத்தியாளர்களின் சைமா போன்ற அமைப்புகளும் சேர்ந்து வழங்கலாம். அந்த முத்திரையோடு வரும் பட்டியலைச் சங்கங்களே பொது இணையதளத்தில் வெளியிட்டால், விற்பவரின் முகவரியும் வாங்குபவரின் முகவரியும் ஊருக்குள்ளேயே தங்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு சாயக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆனதில் மிகச் சிறு பங்குதான்.

மாவட்டத் தொழில் மையம், கல்லூரிகள் ஆகியவை நடத்தும் தொழில்முனைவோர் பயிற்சிகளில் ரீல் எடுப்பது எப்படி என்று மட்டும் கற்றுத்தருவது போதாது. விலை நிர்ணயம், ஒப்பந்தம், பதிப்புரிமை, வாடிக்கையாளர் விவரத்தைப் பேணுதல் ஆகியவையும் பாடமாக வேண்டும். பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கடனுக்குத் தகுதியாகக் காட்டும் இளைஞரிடம், அவர்களில் மீண்டும் வந்தவர் எத்தனை பேர் என்று வங்கி அதிகாரி கேட்க வேண்டும்.

மும்பை வணிகரின் தயவில் தைத்துக்கொண்டிருந்த ஊர், வாங்குபவரின் முகவரியைத் தேடிப் பிடித்ததால்தான் தலைநிமிர்ந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த ஊரின் அடுத்த தலைமுறை கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் முகவரி தெரியாத கூட்டத்துக்கு உழைக்கிறது. பெற்றோர் விசைத்தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து ஈட்டிய சேமிப்பு கேமராவாகவும் தவணையாகவும் விளம்பரக் கட்டணமாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. அது வெளியூர் ஏலக்காரருக்கு நிரந்தர வாடகையாகிவிடாமல் இவ்வூரின் நற்பெயராகத் தங்க வேண்டுமானால், சங்கங்கள் அந்தப் பொதுக் கூடத்துக்கு இடம் பார்க்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.